துப்பாக்கிக்கு அறுபது நாள்

மே 21, செவ்வாய்

அஸ்பாரகஸ் தண்டு முளைப்பதை நிறுத்தவே மாட்டேன் என்கிறது. நேற்று அறுத்த இடத்தில் இன்று காலை மறுபடியும் விரல் நீளம். ஸிக்கியும் நானும் ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை குனிந்தபடியே இருந்தோம். முப்பத்தோரு வருஷம் தபால் பையோடு நடந்த மனுஷன், இடுப்பு இரும்பு. எனக்குத்தான் நிமிரும்போது ‘ஐயோ’ வந்தது.

கல்யாணமாகிப் பத்து நாள். அறுபத்திரண்டு வயதில் புது வீடு, புது மாநிலம், புது மாமியார் படம் சமையலறையில். அந்த அம்மாள் போலந்துப் பெருமையோடு என்னை முறைக்கிறாள். பரவாயில்லை. மாடுகளுக்குச் சினை ஊசி போட்டே பிழைத்தவள் நான், முறைப்புக்குப் பயந்தவளில்லை.

மதியம் ஸிக்கி ஊர் அலுவலகத்திலிருந்து ஒரு தாளோடு வந்தான். முகத்தைப் பயங்கர சீரியஸாக வைத்துக்கொண்டு, “கொரீன், உன் துப்பாக்கிக்கு விசா முடியப்போகுது” என்றான்.

மாசசூசெட்ஸுக்குக் குடிவந்து அறுபது நாளுக்குள் துப்பாக்கி வைத்திருப்பதற்கு அட்டை வாங்கிவிட வேண்டுமாம். ஜூலை பத்தோடு கெடு முடிகிறது. அதற்கு வகுப்பு, கைரேகை, போலீஸோடு பேச்சு. வெர்மான்ட்டில் நாற்பத்தோரு வருஷமாக அந்த ரைஃபிள் என்னோடு இருக்கிறது. முதல் வருஷச் சம்பளத்தில் நானே வாங்கியது. மான் வேட்டைக்கு உரிமம் வாங்கினேன், நாய்க்கு உரிமம் வாங்கினேன். துப்பாக்கிக்கு ஒருத்தரும் ஒரு காகிதம் கேட்டதில்லை.

“வாங்கலைன்னா?”

“நீ குற்றவாளி. நான் குற்றவாளியோட குடும்பம் நடத்துறவன்.”

மே 23, வியாழன்

ஸிக்கி சட்டத்தை உட்கார்ந்து படிக்கிறான். பழைய தபால்காரன், எழுத்து எங்கே இருந்தாலும் விடமாட்டான்.

“இங்க மானை ரைஃபிளால சுடக் கூடாதாம்.”

“பின்ன எதால?”

“ஷாட்கன். இல்லன்னா வில்லு.”

“ஞாயித்துக்கிழமை?”

“ஞாயித்துக்கிழமை மானுக்கு லீவு.”

அப்படியானால் இந்த ரைஃபிள் இங்கே சும்மா பெட்டிக்குள் தூங்கும். வேட்டைக்கு நான் வடக்கே போக வேண்டும் — அங்கே இனி நான் வெளி மாநிலத்துக்காரி, அதற்கும் தனி உரிமம். தம்பி ரெஜோனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் அவன் வீட்டு நாய் குரைத்தது கேட்டது. “அக்கா, நீ சமவெளிக்காரி ஆயிட்ட. இனிமே மலைப் பக்கம் வந்தா வழி கேட்டுத்தான் வரணும்.”

சாயங்காலம் ஸிக்கி ஒரு இரும்பு அலமாரியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தான். பூட்டு என் உள்ளங்கை அளவு. சாவியை என்னிடம் கொடுத்தபோது அவன் முகத்தில் ஒரு நிம்மதி. துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராதவன். இதுவரை சொல்லவில்லை, ஆனால் பரண் மேலே அது சும்மா சாய்ந்திருந்தது அவனை உறுத்தியிருக்கிறது. கேட்காமல் விட்டது என் தப்பு.

ஜூன் 8, சனி

பாதுகாப்பு வகுப்பு. வேட்டைக்காரர் சங்கக் கட்டடத்தில், நாலரை மணி நேரம். ஸிக்கியும் கூடவே சேர்ந்துகொண்டான். “வீட்டுக்குள்ள ஒருத்தர் வந்து தங்குறாங்கன்னா அவங்க யாருன்னு எனக்குத் தெரிய வேணாமா?” என்றான்.

பாடம் நடத்தியவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போலவே நடத்தினார். கடைசியில் ஐம்பது கேள்விப் பரீட்சை.

ஸிக்கி: ஐம்பது.

நான்: நாற்பத்தெட்டு.

வண்டியில் வீடு வரும் வரை அவன் விசில் அடித்துக்கொண்டே வந்தான். நாற்பத்தோரு வருஷ அனுபவம், தபால்காரனிடம் தோற்றேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முட்டைக்கோஸ் உருண்டை செய்து கொடுத்தான், தோற்றவளுக்கு ஆறுதல் பரிசாம்.

ஜூன் 11, செவ்வாய்

விண்ணப்பத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி, முன்பிருந்த விலாசம். குற்றம் எதாவது? இல்லை. போதைப் பழக்கம்? இல்லை.

மனநோய்க்காக எப்போதாவது மருத்துவமனையில் வைக்கப்பட்டிருக்கிறீர்களா?

பேனாவை மூடி வைத்துவிட்டேன். வெளியே போய்க் களை பிடுங்கினேன்.

ஜூன் 12, புதன்

பூர்த்தி செய்யவில்லை.

ஜூன் 14, வெள்ளி

‘இல்லை’ன்னு போட்டா யாருக்குத் தெரியும்? முப்பத்து மூணு வருஷம் ஆச்சு. அந்த ஆஸ்பத்திரியில அந்தக் காலத்துக் காகிதம் இருக்கவே இருக்காது. அதோட, யாரும் என்னைப் பிடிச்சு வைக்கல. நானாத்தானே போனேன். ‘வைக்கப்பட்டிருக்கிறீர்களா’ன்னுதானே கேள்வி?

இப்படி வக்கீல் மாதிரி எனக்கு நானே வாதாடிக்கிட்டிருக்கேன். வெட்கமா இருக்கு.

எழுதிப் பார்க்கிறேன். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

1986, பிப்ரவரி. மகள் ஒடீல் பிறந்து ஐந்து வாரம். தூக்கம் என்பதே போய்விட்டது. பிள்ளை அழுதால் என் உடம்புக்குள் ஒன்றும் அசையவில்லை. பால் கொடுக்கும் நாற்காலிக்கு எதிரே பின்கதவு. கதவுக்கு மேலே ஆணியில் ரைஃபிள். அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே மூன்றாவது நாள்தான் தெரிந்தது. என் முதல் கணவர் காஸ்தோன் பண்ணைக்குப் போயிருந்தார். ரெஜோனுக்குப் போன் செய்தேன். “உடனே வா. இந்தத் துப்பாக்கிய எடுத்துட்டுப் போ. அப்புறம் என்னையும் கூட்டிட்டுப் போ.”

இருபத்து நாலு நாள் இருந்தேன். நல்லபடியாகத் திரும்பினேன். அதன் பிறகு ஒரு நாளும் அப்படி வரவில்லை. காஸ்தோன் ஊருக்கெல்லாம் நான் க்யூபெக்கில் அவருடைய அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. பொய் மட்டும் திடமாக இருக்கிறது.

ஒடீலுக்கே தெரியாது.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது — அவளுக்கு இப்போது ஆறாம் மாதம்.

ஜூன் 16, ஞாயிறு

ஸிக்கியிடம் சொல்லிவிட்டேன்.

கொட்டகையில் கடைசி அஸ்பாரகஸைக் கட்டு கட்டிக்கொண்டிருந்தோம். அவன் முகத்தைப் பார்க்காமல், கையில் ரப்பர் வளையத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முழுவதும். அவன் கட்டுவதை நிறுத்தினான். பிறகு மறுபடியும் ஒரு கட்டு கட்டினான்.

“அங்க சாப்பாடு எப்படி இருந்துச்சு?”

என்ன கேள்வி இது! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “கேவலமா இருந்துச்சு. தினம் ஜெல்லி.”

“பாவம்” என்றான். என் கையை எடுத்துத் தன் அழுக்குக் கைக்குள் வைத்துக்கொண்டான். “முப்பத்தோரு வருஷம் வீடு வீடாப் போனவன் நான். கவரைப் பார்த்தாலே தெரியும், எந்த வீட்ல என்ன நடக்குதுன்னு. நீ போன மாதிரி இடத்துலேருந்து எத்தனை கவர் வந்திருக்குன்னு நினைக்கிற? எண்ணிக்கையே கிடையாது.”

கட்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டே, “போலீஸ்கிட்ட என்னன்னு சொல்லப்போற?” என்றான்.

“உள்ளதைச் சொல்லப்போறேன்.”

“அப்ப பொண்ணுகிட்ட?”

மிச்சமிருந்த தண்டுகளைக் கட்டத் தொடங்கினேன்.

ஜூன் 20, வியாழன்

போலீஸ் நிலையம். உரிமம் பார்ப்பவர் சார்ஜன்ட் புர்கோஸ். நாற்பது வயதுப் பெண், புவேர்ட்டோ ரீக்கோ குடும்பம், கொண்டையை இழுத்துக் கட்டியிருந்தாள். முதலில் பத்து விரலுக்கும் ரேகை எடுத்தாள். மாட்டு வேலை செய்த கை, ரேகை சரியாக விழவில்லை. “என்ன மேடம் செஞ்சீங்க, விரலெல்லாம் தேஞ்சு போயிருக்கு?” என்றாள். சொன்னேன். அவள் தன் கையை மெல்ல மேசைக்குக் கீழே கொண்டுபோய்த் துடைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. சிரித்துவிட்டேன். அவளும்.

பிறகு விண்ணப்பத்தைப் படித்தாள். அந்தக் கேள்வியில் நிறுத்தினாள். ‘ஆம்’ என்று போட்டிருந்தேன்.

“விவரமா சொல்ல முடியுமா?”

சொன்னேன். ஸிக்கியிடம் சொன்னதைவிட இரண்டாவது தடவை லேசாக இருந்தது.

“அப்ப வீட்ல இருந்த துப்பாக்கிய யாரு எடுத்துட்டுப் போகச் சொன்னது? கணவரா?”

“நான்தான்.”

“இப்ப கேக்கிறீங்களே, அதே துப்பாக்கியா?”

“அதேதான்.”

பேனாவைக் கீழே வைத்தாள். உடனே சரி என்று சொல்வாள் என்று நினைத்தேன். இல்லை. “மிஸஸ் விசாக்கி, இதுக்கு எனக்கு டாக்டரோ நர்ஸோ எழுதின ஒரு கடிதம் வேணும். இப்ப நீங்க நல்லா இருக்கீங்கன்னு, உங்கள ரொம்ப நாளாத் தெரிஞ்சவங்க யாராவது எழுதணும். அது இல்லாம நான் மேல அனுப்ப மாட்டேன்.”

கோபம் வந்தது. வண்டியில் ஏறியதும் போய்விட்டது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன்.

ஜூன் 23, ஞாயிறு

தொண்ணூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம், வடக்கே ஒடீல் வீட்டுக்கு. ஸிக்கியை வரவேண்டாம் என்றேன்.

ஒடீல் தொட்டிலுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். மருமகன் வாரன் பால் லாரி ஓட்டப் போயிருந்தான். நல்லது, தனியாக இருந்தாள். சொன்னேன்.

“க்யூபெக் அத்தை?” என்றாள். “அப்பா அந்த அத்தை பத்திக் கதை சொல்வாரும்மா. அவங்க வீட்ல கிளி இருந்துச்சு, அது கெட்ட வார்த்தை பேசும்னு. நான் சின்ன வயசுல அந்தக் கிளிய நெனச்சு நெனச்சு சிரிப்பேன். அந்தக் கிளியும் பொய்யா?”

கிளி பற்றி எனக்கே தெரியாது. காஸ்தோன், காஸ்தோன்.

“அப்ப நான் பொறந்ததாலதான?”

“உன்னால இல்ல. பிள்ளை பெத்த சில பேருக்கு அப்படி வரும். எனக்கு வந்துச்சு.”

“முப்பத்து மூணு வருஷம், அம்மா. நான் ஆறு மாசமா இருக்கேன். ஒரு போலீஸ்காரி கேட்டதாலதான் இன்னைக்குச் சொல்ல வந்திருக்க.”

உண்மை அதுதான். அவள் தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, ஆனால் வெளியே வரவும் இல்லை. அரை மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூலை 1, திங்கள்

ஒடீல் போன் எடுக்கவில்லை. இது நாலாவது தடவை.

கடிதமும் வரவில்லை. வெர்மான்ட்டில் இருபது வருஷம் என்னைப் பார்த்த நர்ஸ் பெவர்லி எழுதித் தருவதாகச் சொன்னாள், விடுமுறையில் இருக்கிறாளாம்.

ஸ்ட்ராபெர்ரி நன்றாகக் காய்த்திருக்கிறது. ஸிக்கி ஜாம் கிண்டினான். சமையலறையே மணக்கிறது. ஒரு பக்கம் மனசு கனமாக இருக்கும்போதே இன்னொரு பக்கம் இந்த மனிதனோடு இருப்பது சந்தோஷமாக இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம் போலிருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

நாளையோடு கெடு. கடிதம் வராததால் ரைஃபிளைப் பூட்டிய பெட்டியில் வைத்து ரெஜோன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சட்டத்தை மீறி ஒரு நாள்கூட வைத்திருக்கப் பிடிக்கவில்லை. புர்கோஸ் முகத்தில் எப்படி முழிப்பேன்?

ரெஜோன் வாசலில் ஒடீலின் வண்டி நின்றது.

உள்ளே அடுப்படி மேசையில் இருவரும் காப்பியோடு. ரெஜோன் எழுந்து என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டான். “ரெண்டாவது தடவையா இதத் தூக்குறேன் அக்கா. வாடகை கொடுத்துடு” என்றான். ஒடீல் சிரிக்கவில்லை, ஆனால் என்னைப் பார்த்தாள்.

“மாமா எல்லாத்தையும் சொன்னாரு” என்றாள். “ஆஸ்பத்திரி வாசல்ல என்னை மாமாகிட்ட கொடுத்தியாமே. எத்தனை மணிக்குப் பால், எவ்வளவு சூடுன்னு மூணு தடவ சொன்னியாம். உள்ள போயிட்டு மறுபடி ஓடி வந்து நாலாவது தடவயும் சொன்னியாம்.”

எனக்கு அது நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. அந்த நாட்களில் பிள்ளை மேல் எனக்கு எதுவுமே இல்லை என்றுதான் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்துவிட்டேன். ஒடீல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “எனக்கும் வருமா அம்மா?”

“வரலாம். வராமலும் போகலாம்.”

“வந்தா எப்படித் தெரியும்?”

தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சாயங்காலம் வரை பேசினோம். ரெஜோன் நடுவில் நாலு தடவை காப்பி போட்டான், பேச்சில் கலந்துகொள்ளாமலே.

ஜூலை 18, வியாழன்

பெவர்லியின் கடிதம் வந்தது. மூன்றே வரி. ‘கொரீனை இருபது வருடமாக அறிவேன். அவளிடம் துப்பாக்கி இருப்பதைவிட அவள் வண்டி ஓட்டுவதுதான் எனக்குக் கவலை.’ இரண்டாவது வரியைப் பார்த்துவிட்டுச் சார்ஜன்ட் புர்கோஸ் நிமிர்ந்து பார்த்தாள். நல்லவேளை, மூன்றாவது வரி ஒழுங்காக இருந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

அட்டை வந்துவிட்டது!

போட்டோவில் நான் வங்கிக் கொள்ளைக்காரி போல இருக்கிறேன். ஸிக்கி அதைச் சமையலறைச் சுவரில், அவன் அம்மா படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். “ரெண்டு பேருக்கும் நல்லாப் பொருந்துது” என்றான். கரண்டியால் அடித்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

பெண் குழந்தை. காலை ஆறே கால் மணி. ஏழு பவுண்டு சொச்சம். மார்கோ என்று பெயர். ஒடீல் களைத்துப்போயிருந்தாள், முகம் மலர்ந்திருந்தது. ஸிக்கி குழந்தையைத் தபால் பார்சல் மாதிரி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். ‘கவனமாகக் கையாளவும்.’

அக்டோபர் 15, செவ்வாய்

காலை பத்து மணி. கொட்டகையில் இருந்தேன். போன்.

“அம்மா. எனக்குச் சரியில்ல. நீ சொன்னியே — அது மாதிரிதான் இருக்கு. நர்ஸுக்கு ஏற்கனவே போன் பண்ணிட்டேன், மத்தியானம் வரச் சொல்லிட்டாங்க. நீ வர்றியா?”

பன்னிரண்டு மணிக்கே அங்கே இருந்தோம். ஸிக்கி எப்படி ஓட்டினான் என்று எழுதினால் புர்கோஸ் அவன் உரிமத்தைப் பிடுங்கிவிடுவாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் சுவரைத்தான் தேடியது. வாரனின் வேட்டைத் துப்பாக்கிகள் இருக்கும் மாட்டியில் தொப்பிகள் தொங்கின. “ஆகஸ்ட்லயே எங்கப்பா வீட்டுக்குக் கொடுத்துட்டோம்” என்றான் வாரன். “ஒடீல்தான் சொன்னா. இப்ப வேணாம், கொஞ்ச நாள் போகட்டும்னு.”

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அக்டோபர் 24, வியாழன்

மாத்திரை ஆரம்பித்து ஒன்பது நாள். வாரம் இரண்டு முறை பேசுவதற்கு ஆள் வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் தங்கவேண்டிய தேவை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், சீக்கிரமே சொன்னதால். ஒடீல் அதிகம் பேசுவதில்லை. தட்டில் வைத்ததைக் கிளறுகிறாள். ஸிக்கி ஊர் திரும்பிவிட்டான்; நான் இங்கேயே தங்கிப் பக்கத்தில் இருக்கிறேன், அவ்வளவுதான். கேள்வி கேட்பதில்லை.

மார்கோவுக்கு என்னைத் தெரிகிறது. குரல் கேட்டால் தலையைத் திருப்புகிறாள்.

நவம்பர் 6, புதன்

இன்று ஒடீல் வாரன் செய்த மீன் குழம்பைத் திட்டினாள். வாய்விட்டு, நன்றாக. வாரன் திட்டு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான்.

நவம்பர் 17, ஞாயிறு

ரெஜோன் போன் செய்தான். “அக்கா, உயிரோட இருக்கியா? நேத்து முழுக்க உனக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்.”

நேற்று ரைஃபிள் வேட்டை தொடங்கும் நாள். நாற்பத்தோரு வருஷத்தில் அந்தத் தேதியை நான் ஒரே ஒரு தடவைதான் மறந்திருக்கிறேன். அது நேற்று. மார்கோவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 30, சனி

ஸிக்கி வரும்போது, ஆகஸ்டில் ரெஜோனிடமிருந்து திரும்ப வாங்கி வந்த ரைஃபிளைப் பூட்டிக் கொண்டுவந்திருந்தான், கூடவே தன் அட்டையும் — ஆம், அவனும் ஒன்று வாங்கிவிட்டான். பரீட்சையில் ஐம்பது வாங்கியது வீணாகக் கூடாதாம். வெளி மாநிலத்துக்காரியின் வேட்டை உரிமத்தையும் எனக்காக வாங்கி வைத்திருந்தான். “சீசன்ல ரெண்டு நாள்தான் மிச்சம், போயிட்டு வா அம்மா, குழந்தைய நான் பாத்துக்குவேன்” என்று ஒடீல் என்னைத் தள்ளாத குறையாக அனுப்பினாள்.

ரெஜோனின் மேல்காட்டில் விடியலிலிருந்து மதியம் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். பனி லேசாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு மானையும் காணவில்லை. ஒரு மரங்கொத்தி மட்டும். ரெஜோன் என்னைப் பார்த்து, “மானுங்களுக்கும் உன் புது விலாசம் தெரிஞ்சுபோச்சு போல” என்றான். ரைஃபிளை ரெஜோனிடமே விட்டுவிட்டு, கால் மரத்துப்போய், மூக்கு சிவந்து, வெறுங்கையோடு ஒடீல் வீட்டுக்குத் திரும்பினேன்.

ஒடீல்தான் கதவைத் திறந்தாள். குளித்து ஈரத் தலையோடு இருந்தாள். தோளில் மார்கோ தூங்கிக்கொண்டிருந்தாள். என் தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

“சாப்பிட்டியாம்மா?” என்றாள்.

இல்லை என்றேன். அடுப்பில் பட்டாணி சூப் இருப்பதாகச் சொன்னாள். உட்காரச் சொல்லிவிட்டு, எனக்கு அவளே ஊற்றிக் கொண்டுவந்தாள்.